மூன்றாம் பாகம் முடியும் வரை

ஒலிநூல் கேட்பவர்கள் பொதுவாக நல்லவர்கள். இலவசமாகக் கிடைத்த ஒன்றுக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் சொல்வார்கள். ஷார்ஜாவில் தொழிலாளர் விடுதியின் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பவர், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்கும் பெண், உளுந்து மூட்டை ஏற்றிப்போகும் லாரி ஓட்டுநர், எல்லாரும் எங்கிருந்தாவது இரண்டு வரி எழுதிவிடுவார்கள். வாசிப்பின் நடுவே நாய் குரைத்தாலும் கோபப்பட மாட்டார்கள். எங்கள் பதிவு ஒன்றில் குக்கர் விசில் விழுந்துவிட்டது. "அது என்ன குழம்பு என்று சொல்லாமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்களே" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ஜெய்னுலாபுதீன் பாய், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். காரைக்காலில் இந்தத் தன்னார்வக் குழுவை நடத்துகிறவர் நீங்கள். பதிப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும், முடிந்த பதிவை ஒருமுறை முழுக்கக் கேட்டுச் சரிபார்த்து இணையத்தில் வெளியிடுவதும் நீங்கள்தான். ஆனாலும் முதலிலிருந்தே எழுதுகிறேன். நேற்று போனில் நீங்கள் ஒரே கேள்விதான் கேட்டீர்கள்.

"அல்லிங்கிறது யாரு தம்பி?"

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் தவறாகப் புரிந்துகொள்வீர்கள் என்று தோன்றியது. அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். நான் எதையும் வரிசைப்படி செய்கிறவன். வரிசைப்படி சொன்னால் நியாயம் விளங்கும் என்று நினைக்கிறேன். விளங்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

முதலில் நானும் வாசித்தேன். பகலில் படகு எஞ்சின் உதிரிபாகம் விற்கும் கடையில் வேலை, மாலையில் ஒலித்தொகுப்பு வகுப்பு, மற்ற நேரத்தில் தருமபுரத்தில் என் அறையில் வெளிச்சத்தம் புகாமல் போர்வைகளைத் தொங்கவிட்டு வாசிப்பு. ஒரு முழுப் புத்தகம் வாசித்தேன். அதற்கு வந்தது ஒரே ஒரு குறிப்பு: "உச்சரிப்பு தெளிவாக உள்ளது." அந்த வரியை எத்தனையோ முறை படித்தேன். பிறகு ஒருநாள், வேறு எதுவும் சொல்வதற்கு இல்லாதவர்கள் சொல்கிற வரி அது என்று புரிந்தது. நீங்கள் அப்போது நல்ல விதமாகத்தான் சொன்னீர்கள். "எல்லாரும் வாசிச்சா யாரு வெட்டி ஒட்டுறது? நீ தொகுப்பு பண்ணு தம்பி, உனக்குப் பொறுமை இருக்கு." நான் வருத்தப்படவில்லை. வருத்தப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நீலாயதாட்சி அக்காவை உங்களிடம் அழைத்து வந்தது நான். கடைச் சாமான் கொடுக்க மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் ஏலம் விடுவதைக் கேட்டிருக்கிறேன். கிளிஞ்சல்மேட்டுக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், தங்கை தமிழரசியோடு இருக்கிறார். அப்பா விட்ட ஏலத்தை அவருக்குப் பிறகு இவர் எடுத்துக்கொண்டார். படகு வரத் தாமதமானால் கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் உட்கார்ந்து நூலகப் புத்தகம் படிப்பார். படகு வந்ததும் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தால் அந்தக் குரல் ஐஸ் உடைக்கும் சத்தத்தைத் தாண்டி, எஞ்சின் சத்தத்தைத் தாண்டி வரும்.

வாசிக்க வருகிறீர்களா என்று நான் கேட்டபோது சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"பேரு என்ன சொன்ன?"

"கவியரசன்."

"கவிதை ஏதாச்சும் எழுதுவியா?"

"இல்லக்கா."

"அப்ப அரசன் மட்டும்தானா? சரி, அரசரு கூப்பிட்டா வராம இருக்க முடியுமா?"

வந்தார். என் அறையில் போர்வைகளுக்கு நடுவில் உட்காரவைத்ததும், "என்னடா தம்பி, சமைஞ்ச பொண்ணு மாதிரி குச்சுக்குள்ள உக்கார வச்சுட்ட" என்றார். வெளியே டீ போட்டுக்கொண்டிருந்த என் அம்மா சிரித்ததும் பதிவாகிவிட்டது. அதை வெட்டினேன்.

நீங்கள் கொடுத்தது மூன்று பாகம் கொண்ட ஒரு பழைய நாவல். யாரும் எடுக்கத் துணியாத நீளம். முதல் பாகத்தில் அக்காவின் குரல் கணீரென்று இருந்தது. கேட்டவர்கள் நன்றி சொன்னார்கள், அவ்வளவுதான். இரண்டாம் பாகத்தில் குரல் உடைய ஆரம்பித்தது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் ஒரு கரகரப்பு, பிறகு வாக்கியம் முழுக்க. அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவரின் குரல் மாதிரி இருந்தது. அப்போதுதான் கேட்பவர்கள் கூடினார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண், பேருந்திலேயே அழுதுவிட்டு இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டதாக எழுதினார். "இந்த உடைந்த குரலுக்காகவே இந்த நாவல் எழுதப்பட்டிருக்கிறது" என்று ஒருவர் எழுதினார். உங்களுக்கு நினைவிருக்கும். நம் குழுவில் அதுவரை எந்த ஒலிநூலுக்கும் அப்படி வந்ததில்லை. "காரைக்கால்லேர்ந்து ஒரு குரல் துபாய் வரைக்கும் போயிருக்கு" என்று நீங்களே சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டீர்கள்.

ஒவ்வொரு பதிவும் முடிந்ததும் அந்தக் குறிப்புகளை அக்காவுக்கு நான் படித்துக்காட்டுவேன்.

"நான் வஞ்சிரம் கூவுறப்ப ஒருத்தனும் அழுவலயே தம்பி. வெலய கேட்டுட்டுத்தான் அழுவுறானுவ" என்பார். ஆனால் சில குறிப்புகளை இரண்டாவது முறையும் படிக்கச் சொல்வார்.

ஒரு குறிப்பில் என்னைப் பற்றியும் இருந்தது. "பின்னணியில் ஒரு சிறு சத்தம்கூட இல்லாமல் இதைச் செதுக்கியிருக்கும் அந்த முகம் தெரியாத தொகுப்பாளர் ஒரு கலைஞர்." இதை நான் அக்காவிடம் படித்துக்காட்டவில்லை. உங்களிடமும் சொன்னதில்லை. நடந்ததற்கு இது காரணமா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அதற்கு மட்டும் பதில் தெரியவில்லை.

தொண்டை கட்டுவது ஏலக்காரர்களுக்குச் சாதாரணம். துறைமுகத்தில் யாரும் அதற்கு டாக்டரிடம் போவதில்லை. தடைக்காலம் வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். சித்திரையில் மீன்பிடிக்கத் தடை போட்டுப் படகுகளைக் கட்டிவிட்டால் ஏலமும் நின்றுவிடும். கத்த வேலையில்லை. ஆனிக்குள் எல்லோருக்கும் குரல் திரும்பிவிடும். அது அங்கே ஒரு கணக்கு. மாசியில் அக்கா பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், புதுச்சேரிக்குப் போங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அக்கா என்னிடம் வந்து, "தடைக்காலம் வரட்டும் தம்பி. அப்பவும் திரும்பலன்னா போய்ப் பாக்குறேன்" என்றார். நான் சரி என்றேன். இதுவரை என் மேல் தவறு இல்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயங்களைத் தொகுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். வாசிப்பவர் மூச்சு இழுக்கும் சத்தத்தைத் தொகுப்பாளர்தான் கேட்பார். கேட்பவர்களுக்கு அது போகாது. நான் ஒவ்வொன்றாகக் குறைத்துவிடுவேன். அக்காவின் மூச்சில் உள்ளே இழுக்கும்போது மெல்லிய விசில் போல ஒரு சத்தம் வர ஆரம்பித்திருந்தது. முதலில் எப்போதாவது வந்தது. பிறகு ஒவ்வொரு பத்தியிலும் வந்தது. மாலை வகுப்பில் குரலைப் படமாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். முதல் பாகத்தில் அவர் சொன்ன ஒரு சொல்லையும், அதே சொல்லை இப்போது சொன்னதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பழையதில் சீராக இருந்த கோடுகள் புதியதில் கலைந்து கிடந்தன. பெயரைச் சொல்லாமல் எங்கள் வகுப்பு ஆசிரியர் அருள்ராஜ் சாரிடமும் போட்டுக் காட்டினேன். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டார். "இது யாருப்பா? உடனே காட்டச் சொல்லு. எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார். அவர் அப்பா தொண்டைப் புற்றுநோயில் போனது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

"சொல்றேன் சார்" என்றேன்.

தடைக்காலம் தொடங்கியது. கொஞ்ச நாள் அக்காவைத் தொந்தரவு செய்யவில்லை. பிறகு கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். அக்கா வெற்றிலைப் பையைத் தூக்கித் தமிழரசியிடம் கொடுத்துவிட்டிருந்தார். வெற்றிலை, புகையிலை எதுவும் வேண்டாம் என்று தங்கை சொல்லியிருக்கிறாள்.

"வாயே தொறக்கல தம்பி. இவகிட்டகூட சைகையிலதான் பேசுறேன். அப்படியும் பாரு" என்றார். குரல் கொஞ்சமும் திரும்பியிருக்கவில்லை. இன்னும் இறங்கியிருந்தது. "புதுச்சேரிக்குப் போயிட்டு வந்துடறேன். தமிழு லீவு போடுறேங்கிறா."

இந்த இடத்தில் நான் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. புதுச்சேரிக்குப் போனால் முதலில் பேசக்கூடாது என்பார்கள். பிறகு என்ன செய்வார்கள் என்பது நான் படித்துப் பார்த்தவரை தெரியும். குணமாகலாம். ஆரம்பத்திலேயே போனால் பெரும்பாலும் குணமாகிவிடும் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அந்தக் குரல் திரும்பி வராது. மூன்றாம் பாகம் நின்றுவிடும், அல்லது வேறு யாராவது வாசிப்பார்கள். அத்தனை பேர் காத்திருந்தார்கள். அக்கா குணமாக வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். மூன்றாம் பாகம் முடிந்த பிறகு.

அதனால் அவரிடம், "இத்தனை வருஷம் கத்தின தொண்டைக்கு இந்தக் கொஞ்ச நாள் போதாதுக்கா" என்றேன். அதோடு, "ஏலமும் இல்ல, சும்மாதானே இருக்கீங்க, மெதுவா மூணாம் பாகத்த ஆரம்பிச்சுடலாம்" என்றேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று தமிழரசி உடனே கண்டுபிடித்தாள். "ஓய்வு வேணுங்கிறீங்க, அப்பறம் வாசிக்கக் கூப்புடுறீங்க. என்னங்க இது?" என்று கேட்டாள். அக்கா அவளை அதட்டினார்.

நான் தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். தடைக்காலம் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்து குரல் திரும்பாவிட்டால், கிளிஞ்சல்மேட்டில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும். அக்காவே பேருந்து ஏறிவிடுவார். வாசித்துக்கொண்டே இருந்தால் புரியாது. அப்படித்தான் நடந்தது. "படிச்சுக்கிட்டே இருக்கேன்ல, தொண்டைக்கு ஓய்வு எங்க?" என்று அவரே எல்லோருக்கும் பதில் சொல்ல ஆரம்பித்தார். அந்த வருடத் தடைக்காலத்தை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன் என்று சொல்லலாம்.

ஆனால் நான் கேட்டதும் அவர் வந்துவிடவில்லை. யோசிக்கிறேன் என்றார். அன்று மாலை வகுப்புக்குப் போகாமல், நம் இணையப் பக்கத்தில் புதிதாக ஒரு கணக்கு தொடங்கி அல்லியை எழுதினேன்.

அல்லிக்கு அம்பகரத்தூர் என்று ஊர் வைத்தேன். தூரத்து ஊர் வைத்திருக்கலாம். பக்கத்தில் ஒருத்தி இருந்தால் அக்காவுக்கு நெருக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவள், நாள் முழுக்கப் படுக்கை, கோயில் திருவிழாச் சத்தத்தைக்கூடப் படுத்துக்கொண்டே கேட்கிறவள், அக்காவின் குரல் மட்டும்தான் துணை. "அக்கா, மூணாம் பாகம் எப்ப வரும்? தினமும் எங்கம்மாவக் கேக்கிறேன்" என்று எழுதினேன். அதிகமாகப் போய்விட்டதோ என்று இரண்டு வார்த்தையை அடித்தேன். மறுநாள் போய் அக்காவிடம் படித்துக்காட்டினேன்.

"பாவம், வயசு என்ன இருக்கும்?" என்றார். பிறகு, "எந்திரி, போவோம்" என்று எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு அக்கா மற்ற குறிப்புகளைக் கேட்பதே குறைந்துவிட்டது. "அல்லி என்ன சொன்னா?" என்றுதான் கேட்பார். கதையில் வரும் குழந்தை செத்துப்போகிற அத்தியாயத்தைப் பதிவு செய்ய உட்கார்ந்தபோது, "இது அந்தப் புள்ளைக்குத் தாங்குமா தம்பி? கொஞ்சம் மெதுவாப் படிக்கட்டா?" என்றார். மெதுவாகப் படிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியும் இல்லை. ஒரு வரிக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் எல்லா இடைவெளிகளையும் மூடினேன். விசில் சத்தம் ஒவ்வொன்றையும் எடுத்தேன். நீங்கள் சரிபார்க்கக் கேட்கும்போது தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு சுத்தம். அப்படியும் நீங்கள் ஒருமுறை, "குரல் ரொம்பக் கட்டியிருக்கே, உடம்புக்கு ஒன்னுமில்லயே தம்பி?" என்று கேட்டீர்கள். "ஏலக் குரல் பாய், அப்படித்தான் இருக்கும்" என்றேன். நீங்கள் மேலே கேட்கவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை.

நடுவில் இரண்டு தடவை அக்கா நிறுத்தப் பார்த்தார். முதல் தடவை சோறு இறங்கவில்லை என்றார். அல்லிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் தடவை எச்சிலில் ரத்தம் வந்ததாகத் தமிழரசி சொன்னாள். அல்லியைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கே இனி ஒன்றும் செய்ய முடியாது என்று வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். "கடைசி அத்தியாயம் கேட்டுட்டா போதும்க்கா" என்று எழுதினாள். அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு எவ்வளவு பாக்கி இருக்கோ அவ்வளவையும் முடிச்சுடு" என்றார். அன்று நான்தான் போதும் என்று சொல்லி அனுப்பினேன். அவ்வளவு கரகரப்பில் சொற்கள் தெளிவாக விழவில்லை. மறுநாள் மறுபடி எடுத்தோம்.

புத்தகம் முடிந்த அந்த வாரமே நானே தமிழரசியிடம் சொன்னேன், இனிமேல் தாமதிக்க வேண்டாம், புதுச்சேரிக்குக் கூட்டிப்போங்கள் என்று. இதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். குரல்வளையை முழுக்க எடுத்துவிட்டார்கள். கழுத்தில் போட்ட துளை வழியாக அக்கா மூச்சு விடுகிறார். கழுத்தின் பக்கவாட்டில் பரவியிருப்பதை எடுக்க முடியவில்லை. எவ்வளவு நாள் என்று கேட்டால் டாக்டர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். குரல் கம்மினபோதே ஏன் வரவில்லை என்று அங்கே ஒரு டாக்டரம்மா கேட்டதற்கு அக்கா போனில் எழுதிக் காட்டியிருக்கிறார்: "ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தது." தமிழரசிக்கு அங்கேதான் பொறி தட்டியிருக்கிறது. உங்களிடம் வந்து அல்லியின் கணக்கைப் பார்க்கச் சொன்னாள். பார்த்திருப்பீர்கள். அது என் மின்னஞ்சலில் தொடங்கியது. மறைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, அல்லி நான்தான். மூச்சில் அந்தச் சத்தம் வந்த முதல் மாதமே எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன். மருந்து வேலை செய்யக்கூடிய காலம் முழுவதையும் வாசிப்பில் கழிக்க வைத்தேன். இதைவிடத் தெளிவாக எழுதத் தெரியவில்லை.

ஒலிநூல் இன்றும் நன்றாகப் போகிறது. அதை எடுத்துவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஷார்ஜாக்காரர் மட்டும் போன வாரம், "கடைசி அத்தியாயத்தில் ஓரிடத்தில் அம்மா மூச்சுத் திணறுவது போல இருக்கிறதே, நலமாக இருக்கிறாரா?" என்று கேட்டிருந்தார். போட்டுக் கேட்டேன். சரிதான், ஒன்று தப்பிவிட்டது. தொழில்நுட்பக் கோளாறு என்று பதில் எழுதித் திருத்திவிட்டேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அக்கா முதலில் செய்த காரியம், தமிழரசியைக் கூட்டிக்கொண்டு அம்பகரத்தூருக்குப் பேருந்து ஏறியதுதான். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, கோயில் தெருவில் வீடு வீடாகப் போய்ப் போனை நீட்டியிருக்கிறார். "அல்லி என்ற பெண், நடக்க முடியாது, கதை கேட்பாள்" என்று எழுதியிருந்ததாம். யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் வரை சுற்றியிருக்கிறார்கள். திரும்பி வந்து என்னை வரச்சொன்னார். நான் போய், அல்லி இறந்துவிட்டதாகச் சொன்னேன். அவங்க வீட்டில் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க என்றேன்.

அக்கா போனில் எழுதினார்.

"முழுசா கேட்டாளா?"

"முழுசா கேட்டாங்கக்கா. கடைசி வரி வரைக்கும்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தம் வரவில்லை. கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. எந்த டாக்டராலும் அவருக்கு அதைக் கொடுக்க முடியாது.

நாளைக்குத் தமிழரசியும் நீங்களும் போய் அவரிடம் உண்மையைச் சொல்லப்போவதாக நேற்று போனை வைக்கும்முன் சொன்னீர்கள். கொஞ்சம் யோசியுங்கள் பாய். நான் அவரிடமிருந்து எடுத்தது குரலை மட்டும்தான். நீங்கள் அதைவிடப் பெரிய ஒன்றை எடுத்துவிடப் போகிறீர்கள்.